பயோமெடிக்கல் பொறியியல்: எந்தக் கிளையில் ஏறுவது?

கேள்வி: மார்ச் 3, திங்கள், இரவு 9:15 (சிங்கப்பூர், ஈசூனிலிருந்து ஒரு தாய்)

என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளோமா முடிக்கிறாள். அடுத்தது பயோமெடிக்கல் பொறியியல்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "டாக்டராக முடியாதவர்களுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு அது" என்கிறார் என் வீட்டுக்காரர். கையேட்டைப் புரட்டினால் பன்னிரண்டு கிளைகள். எல்லாப் பக்கத்திலும் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் சோதனைக் குழாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கிளையில் பிழைப்பு இருக்கிறது, எதில் இல்லை? துறையில் இருப்பவர்கள் யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 3, இரவு 11:40

இருபத்திரண்டு ஆண்டுகளாக இதில்தான் காலம் தள்ளுகிறேன். முதல் பதினான்கு ஆண்டு ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில். அதன்பின் மருத்துவச் சாதனங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், தரக்கட்டுப்பாடும் அனுமதி விண்ணப்பமும். சோதனைக் குழாயைக் கையில் தொட்டதே இல்லை.

கையேட்டின் பன்னிரண்டு பெயர்களும் பேராசிரியர்கள் தங்களுக்குள் அறை பிரித்துக்கொண்ட கணக்கு. வேலை பார்ப்பவனுக்குக் கணக்கு வேறு: நோயாளியின் கட்டிலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம்?

கட்டிலை ஒட்டி நிற்பது மருத்துவமனைப் பொறியியல். வாங்குவது, சோதிப்பது, பழுதுபார்ப்பது, கடைசியில் குப்பைக்கு அனுப்புவது. கொஞ்சம் தள்ளி, ஈசிஜி, பம்பு, சுவாசக் கருவி போன்றவற்றை வடிவமைக்கும் கருவியியல். அதற்கும் அப்பால் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ என்று படமெடுக்கும் கூட்டம். உடம்புக்குள் வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கட்டி அழுபவர்கள் உயிர்ப்பொருளியல், உயிர்இயந்திரவியல்காரர்கள். செல் வளர்த்துத் திசு செய்யப் பார்ப்பவர்கள் ஆய்வுக்கூடத்துக்குள். எல்லோருக்கும் கடைசியில், கோப்புகளுக்கு நடுவே, என்னைப் போன்றவர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நாளை பதில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

மார்ச் 4, காலை 6:50

"அடித்தளம் என்று எழுதினால் தாழ்ந்த வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்" என்கிறார் என் மனைவி. சரி, திருத்துகிறேன். இரண்டாம் அடித்தளம். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, பிணவறைக்கு ஒரு கதவு முன்னால்.

மார்ச் 4, இரவு 10:20

நான் சேர்ந்தது 2003ல், சார்ஸ் தொற்று பரவிய நேரத்தில். சாங்கி விமான நிலையத்தில் காய்ச்சல்காரர்களைத் திரையில் சிவப்பாகக் காட்டும் வெப்பக் கேமரா நினைவிருக்கிறதா? மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி என்று பலர் நினைக்கிறார்கள். ராணுவத்தின் வெப்பப் படக் கருவியை எடுத்து, தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பின் பொறியாளர்களும் எஸ்டி எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து அவசரமாக மாற்றியமைத்தது அது. எதிரியைத் தேடச் செய்த கண்ணுக்குக் காய்ச்சலைத் தேடக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய சான்றிதழில் "பயோமெடிக்கல்" என்ற சொல் இருந்திருக்கும்? ஆகவே மகளின் மின்னணுவியல் டிப்ளோமா வீணாகிறதே என்று கவலைப்படாதீர்கள். அதுதான் கைமுதல்.

மருத்துவமனை வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கதை. ஒரு வார்டிலிருந்து மருந்து செலுத்தும் பம்புகள் வரிசையாக எங்களிடம் இறங்கின. "அடைப்பு என்று அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது." மேசையில் வைத்துச் சோதித்தால் ஒன்றிலும் குறையில்லை. மேலே அனுப்புவோம், இரண்டு நாளில் திரும்பி வரும். தாதிகளுக்கு எங்கள் மீது எரிச்சல், எங்களுக்கு அவர்கள் மீது. ஒருநாள் இரவு மூன்று மணிக்கு நானே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. நோயாளிக்கு மூச்சு வாங்கும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துகிறார்கள். உயரும்போது பக்கக் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே குழாய் நசுங்குகிறது. பம்பு சொன்னது சத்தியம். நாங்கள்தான் அதை நம்பவில்லை. இரண்டு வெள்ளிகூடப் பெறாத ஒரு பிளாஸ்டிக் கொக்கியோடு பிரச்சினை தீர்ந்தது.

அதே வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டி. நான் மானிட்டரின் பேட்டரியை மாற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "தம்பி, இந்தப் பெட்டி நின்றால் நானும் நின்றுவிடுவேனா?" இல்லை பாட்டி, இது பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டிதான் என்றேன். "அப்படியானால் இதற்கு எதற்கு இத்தனை சத்தம்?" என்றார். அலாரம் வடிவமைப்பவர்கள் மாநாடு மாநாடாகப் பேசுவதும் இந்தக் கேள்வியைத்தான்.

மார்ச் 5, இரவு 9:05

ஜூரோங்கிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "திருப்புளி பிடிக்க எதற்குப் பட்டம்?"

சுவரில் வருவது 230 வோல்ட். எந்த மின்கருவியின் உடலிலும் கொஞ்சம் மின்சாரம் கசியத்தான் செய்யும். தோலில் பட்டால் நமக்குத் தெரியாது. ஆனால் இதயத்தோடு நேராகத் தொடர்புள்ள கம்பி ஒன்று நோயாளிக்குள் போயிருந்தால், அங்கே அனுமதிக்கப்படும் கசிவு சாதாரண நிலையில் 10 மைக்ரோஆம்பியர். ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. கையில் பிடித்துப் பார்த்தெல்லாம் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அளக்கத் தெரியவேண்டும். அளந்த எண் ஏன் போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறது என்று யோசிக்கவும் தெரியவேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நம் தோலைப் பற்றியது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிக்கு அடிப்படையான வழியை ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974ல் வெளியிட்டார். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன, எது எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று பார்க்கிறார்கள். நாடித்துடிப்போடு சேர்ந்து மாறும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தோல், எலும்பு, சதை எல்லாம் கழிந்துபோய் ரத்தத்தின் கணக்கு மிஞ்சும் என்பது அவருடைய கூர்மை. அழகான எண்ணம், ஆனால் முழுக்கக் கழிவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவு குறைந்தும் கருவி "பரவாயில்லை" என்று காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. படித்த அன்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எத்தனை அளவிகளைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்! சோதிக்கும் பொம்மை விரலுக்குத் தோல் நிறம் கிடையாது.

கல்யாணப் பெண் ஒருத்திக்குக் கறுப்பு மருதாணி இட்ட விரலில் அளவே வராமல், காதுமடலில் மாட்டினோம். அதையும் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மார்ச் 6, இரவு 11:10

உடம்புக்குள் வைக்கும் பொருட்கள். எனக்குப் பிடித்த கிளை, நான் போகாத கிளை. நீளமாகத்தான் எழுதுவேன்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டு செய்துகொண்டிருந்தார். உலோகக் குண்டு சுழல ஒரு கிண்ணம் வேண்டும், வழுக்க வேண்டும். டெஃப்லானைவிட வழுக்குவது எது? தோசைக்கல்லில் பார்க்கிறோமே. அதையே வைத்தார். நோயாளிகள் வலியில்லாமல் நடந்து போனார்கள். இரண்டு, மூன்று வருடத்தில் திரும்பி வந்தார்கள். கிண்ணம் தேய்ந்து, அந்தத் துகள் சுற்றிலும் எலும்பைக் கெடுத்திருந்தது. துகளால்தான் இந்த வினை என்பதை உறுதிசெய்யத் தம் தொடையிலேயே அதை ஊசியால் ஏற்றிப் பார்த்தார் மனிதர்.

1962ல் ஒரு விற்பனையாளர் வந்தார். நெசவுத் தறிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு வகைப் பாலிஎத்திலீன் துண்டு அவர் கையில். சார்ன்லி அதில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ஆகாது என்று போய்விட்டார். அவருடைய பட்டறையில் இருந்த ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்பர் மட்டும் முதலாளி ஊரில் இல்லாத நாட்களில் அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. அந்த ஆண்டே நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் இடுப்பு மூட்டுக் கிண்ணங்களில் பெரும்பாலும் அந்தப் பொருளின் வாரிசுகள்தான்.

ஈசூன் அம்மா, இந்தக் கதையில் உங்கள் மகள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

செயற்கை மூட்டைத் தாங்கத் தொடை எலும்புக்குள் செருகும் தண்டுக்கு வருவோம். எஃகின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், டைட்டேனியக் கலவை 110 வாக்கில், எலும்பு 20க்கும் கீழே. விறைப்பான தண்டை எலும்புக்குள் செருகினால் பாரத்தையெல்லாம் தண்டே சுமக்கும், எலும்புக்கு வேலை இருக்காது. மின்தூக்கி வந்தபின் மாடிப்படி ஏற மறந்த கால்களைப் போல வேலையற்ற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பலமானதை வைத்தால் போதும் என்று நினைக்கிற பொறியாளனுக்கு உடம்பு கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் இது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கதையும் இதே வகை. போர் விமானிகளின் கண்ணில் விமானக் கண்ணாடியின் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் தைத்திருந்தும் கண் அதை எதிர்த்துச் சிவக்கவில்லை. கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி இதைக் கவனித்தார், 1949ல் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து வைத்தார். அதை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992ல் தொடங்கியது. என் அம்மாவின் கண்ணில் இருப்பது மதுரைச் சரக்கு. இங்கே எம்ஆர்டி ரயிலில் நிலையப் பெயரை எனக்கு முன்னால் வாசிக்கிறார்.

மார்ச் 7, காலை 7:15

இதய வால்வை விட்டுவிட்டேன் என்று செங்காங் நண்பர் கடிந்துகொள்கிறார். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் செய்த வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. விட்டதற்குக் காரணம் தூக்கம். வேறொன்றுமில்லை.

மார்ச் 8, சனி, மாலை 4:30

படமெடுக்கும் கிளை. சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் எம்ஆர்ஐ மீது எனக்குத் தனிப்பட்ட பகை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் வங்கி அட்டையை அந்தக் காந்தம் தின்றுவிட்டது. அது அணைத்து வைக்கிற காந்தம் அல்ல. திரவ ஹீலியத்தில் -269 டிகிரியில் கிடக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கணைத்த அறைதானே என்று உள்ளே போகக்கூடாது.

சிடி ஸ்கேனைப் பற்றி ஒன்று மட்டும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது அது. 80க்கு 80 கட்டங்கள். இன்றைய கைப்பேசியின் சின்னச் சின்னச் சித்திரம்கூட அதைவிடத் தெளிவு. செய்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, இஎம்ஐ நிறுவனத்துப் பொறியாளர். 1979ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆலன் கார்மாக்குடன் பகிர்ந்துகொண்டார். அவர் படித்தது ஃபாரடே ஹவுஸ் என்ற மின்பொறியியல் கல்லூரியில். வாங்கியது டிப்ளோமா.

ஆறுதல் பரிசு என்றாரே உங்கள் வீட்டுக்காரர், அவரிடம் இந்தப் பரிசைப் பற்றிச் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு 10:45

"இப்போது எல்லாம் மென்பொருள்தானே, வன்பொருள் படித்து என்ன பயன்?" பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் கேள்வி. தெராக்-25 என்று தேடிப் படியுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிப் பாய்ச்சியது, உயிர்கள் போயின. காரணம் நிரல் பிழை. விசைப்பலகையில் கை வேகமான ஒருவர், தவறாகத் தட்டிய எழுத்தை எட்டு நொடிக்குள் திருத்திவிட்டால் இயந்திரம் குழம்பிப்போகும். திரையில் வந்ததெல்லாம் "கோளாறு 54" என்ற ஒரு வரி.

மார்ச் 10, காலை 8:00

நேற்று எழுதியது அரைகுறை. எம்ஆர்டியில் வரும்போது எனக்கே உறுத்தியது. நிரல் பிழை என்று சொல்லி முடித்துக்கொள்வது வசதி. அதற்கு முந்தைய மாதிரியான தெராக்-20ன் நிரலிலும் அதே பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக வன்பொருள் தடுப்பு இருந்ததால் ஃபியூஸ் போனது, ஆள் போகவில்லை. புதிய மாதிரியில் "நிரலே பார்த்துக்கொள்ளும்" என்று அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். நோயாளி சுடுகிறது என்று கத்தியபோதும், அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று தயாரிப்பாளர் பதில் எழுதினார்.

மாணவரே, வன்பொருள் எதற்கு என்று கேட்டீர்கள். அந்த ஃபியூஸுக்கு.

மார்ச் 11, இரவு 11:55

முதல் நாள் போட்ட மீட்டர் கணக்கை ஜூரோங் நண்பர் கிழித்துவிட்டார். "பேஸ்மேக்கர் செய்யும் பொறியாளர் எந்தக் கட்டிலையும் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் செய்தது நோயாளியின் நெஞ்சுக்குள் இருக்கிறது. இப்போது அவர் எத்தனை மீட்டர்?" பதில் இல்லை. 1958ல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உள்வைப்புப் பேஸ்மேக்கரை வைத்தார்கள். சில மணி நேரத்தில் அது செயலிழந்தது. அடுத்தடுத்து இருபதுக்கும் மேல் மாற்றி, 2001 வரை வாழ்ந்தார். கருவியைச் செய்த பொறியாளர் எல்ம்க்விஸ்டும் வைத்த மருத்துவர் சென்னிங்கும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

ஆகவே தொலைவை விடுகிறேன். நேரத்தை எடுத்துக்கொள்வோம். நான் செய்த தவறு எனக்கு எப்போது தெரியவரும்?

இதைச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 2009. நோயாளியோடு கூடவே தூக்கிக்கொண்டு போகும் சின்ன மானிட்டர். ஆறு மாதச் சோதனை. எல்லாம் பார்த்தேன், சுவரில் செருகியபடியே பார்த்தேன். பேட்டரியில் ஓட்டிப் பார்க்கும் வரியில் டிக் போட்டேன், ஓட்டவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் கிடையாது. நான்காவது நாள், அவசரப் பிரிவிலிருந்து ஆறாவது மாடிக்குப் போகும் மின்தூக்கியில் திரை இருண்டது. கூட வந்த இளம் மருத்துவர் பதறாமல் மணிக்கட்டில் விரல் வைத்து மாடி வரும்வரை நாடி எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவி கீழே வந்தபோது அதில் என் முதலெழுத்துகளோடு ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

அந்த வேலையில் தவறு நான்கு நாளில் திரும்பி வருகிறது. சார்ன்லிக்கு மூன்று வருடம் ஆனது. இன்று மூட்டு செய்பவனுக்குப் பதினைந்து வருடம் ஆகலாம். அதற்குள் அவன் வேலை மாறியிருப்பான். நிரல் எழுதுபவனுக்கு யாரோ ஒருவர் வேகமாகத் தட்டும் நாள்வரை. திசு வளர்ப்பவனுக்குத் தவறா சரியா என்பதே பணிக்காலம் முடியும்வரை தெரியாமல் போகலாம். சிலருக்கு உடனே தெரிந்தால்தான் தூக்கம் வரும். சிலர் தொலைதூரக் கடனைத் தாங்குவார்கள். மகளிடம் கேளுங்கள்: பரீட்சை எழுதிவிட்டு அன்றிரவே விடையைச் சரிபார்ப்பவளா, முடிவு வரும்வரை திறந்தே பார்க்காதவளா?

மார்ச் 12, காலை 7:05

ஈசூன் அம்மாவின் பதில்: "இரண்டும் இல்லை. பரீட்சைக் கேள்வியே தவறு என்று ஆசிரியருக்கு எழுதுபவள்."

அப்படியானால் என் இப்போதைய வேலைக்கு வரட்டும்.

மார்ச் 13, இரவு 9:40

அது என்ன வேலை என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இங்கே மருத்துவச் சாதனங்கள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கீழ் வருகின்றன. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. கட்டுத்துணி ஏ, இதய வால்வும் பேஸ்மேக்கரும் டி. ஏ வகுப்புக்குப் பொருட்பதிவு தேவையில்லை. மேலே ஏற ஏறக் காகிதம் ஏறும். என்ன தவறு நேரலாம், நேர்ந்தால் எவ்வளவு கேடு, அதைக் குறைக்க என்ன செய்தோம், குறைத்தோம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். ஐஎஸ்ஓ 14971 என்ற தரநிலை கேட்பது இதைத்தான். சுருங்கச் சொன்னால், கவலைப்படுவதற்குச் சம்பளம். எங்கள் வீட்டுப் பெரியம்மா இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலை.

முன்பு இதை இளக்காரமாகப் பேசியவன் நான். "கோப்புத் தள்ளிகள்" என்போம். இங்கே வந்த இரண்டாவது மாதம், ஒரு பம்பின் ஆபத்துப் பட்டியலைத் தயாரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். "குழாய் கட்டில் கம்பியில் நசுங்குதல்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வடிவமைப்பாளர்கள் விழித்தார்கள். அவர்களில் ஒருவரும் உயரும் கட்டிலில் அந்தப் பம்பைப் பார்த்ததில்லை. மார்ச் 4 அன்று எழுதிய அந்த இரவு மூன்று மணி, எட்டு வருடம் கழித்து இப்படிப் பயன்பட்டது.

மார்ச் 15, சனி, மதியம் 1:20

தேக்கா சந்தையில் தே தாரிக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். பின்னால் வரப்போகும் ஒரு தொல்லையை மகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். பயோமெடிக்கல் என்றால் உறவினர்கள் காதில் "மெடிக்கல்" மட்டும்தான் விழும். தீபாவளிக்குப் போனால் பெரியப்பா வேட்டியைச் சற்றே உயர்த்தி முழங்காலைக் காட்டுவார். நான் பொறியாளர் என்றால், "அதனால் என்ன, பார்த்துச் சொல்" என்பார். ஒருமுறை பொறுமையிழந்து, நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை விழுகிறது பெரியப்பா, எடையைக் குறையுங்கள் என்றேன். அந்த வருடம் எனக்கு முறுக்கு வரவில்லை.

முழங்கால் என்றதும் நினைவு வருகிறது. மறுவாழ்வுப் பொறியியலைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. 1968ல் உருவான ஜெய்ப்பூர் கால், சிற்பியான ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து தேவை, சம்மணமிட முடியாது, வயலில் இறங்க முடியாது. ஒரு சிற்பிக்குத்தான் கால் எப்படி மடங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. மூப்படையும் இந்தத் தீவில் இந்தக் கிளைக்கு வேலை கூடத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

மார்ச் 17, இரவு 10:30

"சுற்றி வளைக்கிறீர்கள், பிழைப்பு எதில் என்று சொல்லவில்லை." நியாயமான புகார்.

மருத்துவமனைகளிலும் அவர்களுக்குக் கருவி பராமரிக்கும் நிறுவனங்களிலும் வேலை ஓய்வதில்லை. இரவுப் பணி உண்டு, புகழ் கிடையாது. துவாஸிலும் மற்ற இடங்களிலும் உள்ள தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு, உற்பத்திப் பொறியியல் பக்கம் டிப்ளோமாவோடும் நுழையலாம். அனுமதி விண்ணப்ப வேலைக்கு முதல் நாளே யாரும் எடுப்பதில்லை. வேறெங்காவது கை அழுக்கான பிறகுதான். திசுப் பொறியியலும் மூளை, நரம்பு ஆய்வும் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தின் வாசல்வரை பளபளப்பாக இருக்கும். உள்ளே முனைவர் பட்டமும் ஒப்பந்தக் காலமும் காத்திருக்கும். ஆசை இருந்தால் போகட்டும், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும்.

பட்டப்படிப்பில் முதலிலேயே "பயோமெடிக்கல்" என்று எடுப்பதா, மின்னணுவியலையோ இயந்திரவியலையோ எடுத்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் திரும்புவதா? பத்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் இரண்டாவதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்தவர்கள் எதிலும் ஆழமில்லாமல் வருகிறார்கள் என்பது என் புகாராக இருந்தது. இப்போது அவ்வளவு உறுதியில்லை. என்னுடன் வேலை பார்ப்பவர்களில், மருத்துவர் பேசுவதைப் பாதியிலேயே புரிந்துகொள்பவர்கள் அந்தப் படிப்புக்காரர்கள்தான். நான் மூன்றாவது தடவை கேட்டுத்தான் புரிந்துகொள்கிறேன்.

மார்ச் 18, காலை 6:40

நேற்று எழுதியதில் உங்கள் மகளுக்குப் பயன்படுவது பாதிகூட இல்லை என்று தோன்றுகிறது. என்னிடம் கழித்துப்போட்ட பழைய ஈசிஜி கருவி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருகிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டேன், பயப்படவேண்டாம். வீட்டுக்காரரும் வரட்டும்.

மார்ச் 22, சனி, இரவு 10:15

வந்தார்கள், மூவரும். மகள் பத்து நிமிடத்தில் மூடியைக் கழற்றிவிட்டாள். பலகையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அங்கிள், வலது காலுக்கு எதற்குக் கம்பி? எந்தக் கணக்கிலும் அது சேரவில்லையே."

சரியான இடத்தைத் தொட்டாள். இதயத்திலிருந்து தோலுக்கு வருவது ஒரு மில்லிவோல்ட் அளவு. சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து நம் உடம்பு வாங்கிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு. கருவி அந்த இரைச்சலை அளந்து, தலைகீழாகத் திருப்பி, வலது கால் வழியாக உடம்புக்கே மெல்ல அனுப்பி அடக்குகிறது. அந்தக் கம்பி மட்டும் கேட்பதில்லை, பேசுகிறது.

"அப்படியானால் வலது கால் இல்லாத நோயாளிக்கு?"

உடம்பில் எங்கு ஒட்டினாலும் சரி, கால் என்பது பெயர்தான் என்றேன்.

"பிறகு ஏன் கால் என்று எழுதியிருக்கிறது?"

ஈசிஜியை உருவாக்கிய ஐந்தோவன் என்பவர் காலத்தில் இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் முக்கி உட்காரவைத்துப் பதிவுசெய்தார்கள், அந்தப் பழக்கம் என்று தொடங்கினேன். "அதில் வலது கால் எங்கே வந்தது?" என்றாள். வரவில்லை. பேச்சு நின்றுவிட்டது. அவளுடைய அப்பா எழுந்துபோய் எல்லோருக்கும் காப்பி வாங்கி வந்தார். ஆறுதல் பரிசு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை.

பலகையை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாள், அடுத்த வாரம் தருவதாக. ஈசூன் அம்மா, அந்தச் சிவப்புப் பிடி போட்ட திருப்புளி என்னுடையது. அதையும் சேர்த்து.